கத்தல் வந்துடுச்சு, கத்திரிக்கோலைக் காணோம்

அமெரிக்காவுல அட்லாண்டா ஊர் ராப்பர் ப்ளேபாய் கார்ட்டியோட 'மியூசிக்' ஆல்பத்தை மூணாவது தடவை முழுசா கேட்டு முடிச்சப்ப எனக்கு ஞாபகம் வந்தது எங்க பெரியப்பா. சம்பந்தம் இருக்கு, வர்றேன்.

2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை வந்துச்சு அந்த ஆல்பம். அதுக்கு முந்தின ஆல்பம் 2020 கிறிஸ்துமஸ் அன்னைக்கு. நடுவுல நாலு வருஷத்துக்கு மேல ரசிகனுங்களை 'இதோ வருது, அதோ வருது'ன்னு இழுத்தடிச்சு, நாங்களும் வெக்கமே இல்லாம காத்துக்கிட்டு இருந்து, கடைசியில வந்து விழுந்தது 30 பாட்டு, முக்கா மணி நேரம் இல்ல, ஒண்ணேகால் மணி நேரத்தையும் தாண்டி ஓடுது. அந்த முதல் நாள் ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன், பாட்டு நடுவுல நடுவுல ஒரு ஆள் தொண்டை கிழிய கத்துறார், தன்னோட பேரையே கத்துறார், திரும்பத் திரும்ப கத்துறார். அடுத்த ரூம்ல இருந்து தங்கச்சி எட்டிப் பாத்து "யாருண்ணா அது, வெளிய ஏதாச்சும் சண்டையா"ன்னு கேட்டா.

அந்த ஆள் பேரு டிஜே ஸ்வாம்ப் இஸோ. அட்லாண்டாவுல மிக்ஸ்டேப் காலத்துல இருந்தே இருக்கற டிஜே. இந்தக் கத்தல் நமக்குத் தெரியாத விஷயமும் இல்ல. ஊர்ல கொடை நடக்கும்போது மைக் செட்காரர் பாட்டு போய்க்கிட்டு இருக்கறப்பவே வால்யூமைக் குறைச்சுட்டு "ஒலி ஒளி அமைப்பு உங்கள்..."ன்னு தன் சவுண்ட் சர்வீஸ் பேரைச் சொல்லுவார் பாருங்க, கிட்டத்தட்ட அந்த வேலைதான். என் பாட்டு இல்ல, ஆனா இந்த ராத்திரி என்னோடதுன்னு சொல்ற கத்தல். எனக்கு அது பிடிக்கும். புதுசா கேக்குற பசங்க நிறைய பேர் "அந்த ஆளைத் தூக்கிட்டு ஒரு வெர்ஷன் விடுங்க"ன்னு புலம்புனாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. என்னோட பிரச்சனை வேற.

அதைச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை வேணும், தெரிஞ்சவங்க ஒரு பத்தி தாண்டிப் போயிடுங்க. கார்ட்டி பாடுற ராப் வகைக்குப் பேரு ட்ராப், ஆனா அது முதல்ல இசையோட பேரே இல்ல. அட்லாண்டாவுல போதைப்பொருள் விக்கிற வீட்டை ட்ராப் ஹவுஸ்னு சொல்லுவாங்க, உள்ள போனா வெளிய வர்றது கஷ்டம், பொறி மாதிரி. அந்தச் சொல்லு 90-கள்லயே அவுட்காஸ்ட், குடி மாப்ங்கற ராப் குழுக்களோட பாட்டுல எல்லாம் வந்துடுச்சு, ஆனா ஆல்பம் அட்டையில பெருசா ஒட்டுனது 2003-ல ராப்பர் டி.ஐ., 'ட்ராப் மியூசிக்'. 2005-ல அதே ஊர் ராப்பருங்க ஜீஸியும் குச்சி மேனும் தனித்தனியா வந்தாங்க, ஒரே ஒரு பாட்டு யாருக்குச் சொந்தம்னு ஆரம்பிச்ச சண்டை பதினஞ்சு வருஷம் இழுத்துச்சு. யாரு கண்டுபிடிச்சதுன்னு இன்னைக்கு வரைக்கும் மூணு பேருக்கும் பஞ்சாயத்து ஓடுது, அதுல நான் தலையைக் குடுக்கல.

மிக்ஸ்டேப் அதுக்குப் பக்கத்துலயே ஓடுன இன்னொரு வண்டி. கம்பெனி வெளியிடுற ஆல்பம் ஒரு பக்கம், டிஜே ஒருத்தர் ஒரு ராப்பரைக் கூப்பிட்டு வச்சு, பாட்டெல்லாம் வாங்கி, அடுக்கி, நடுவுல தன் குரலைப் போட்டு, சிடி அடிச்சு தெருவுல விடுறது இன்னொரு பக்கம். அட்லாண்டாவுல இதுக்கு ராஜா டிஜே டிராமா, 'கேங்ஸ்டா கிரில்ஸ்'னு ஒரு வரிசை. ஜீஸியோட முதல் பெரிய ஆல்பம் 2005 ஜூலையில வர்றதுக்கு முன்னாடியே, அந்த வருஷம் ஜனவரியிலயே 'ட்ராப் ஆர் டை'னு டிராமாவோட மிக்ஸ்டேப் ஊரையே சுத்திடுச்சு. கம்பெனிக்காரனுக்கும் இதுல லாபம்தான், ஓசி விளம்பரம். அப்புறம் 2007 ஜனவரி 16-ம் தேதி டிராமாவோட ஆபீஸுக்குள்ள போலீஸ் பூந்து, அவரையும் கூட்டாளி டிஜே டான் கேனனையும் தூக்கிட்டுப் போய், 80,000-க்கு மேல சிடியை அள்ளிட்டுப் போச்சு. கூட வந்தது ரெக்கார்டு கம்பெனிகளோட சங்கத்து ஆளுங்க. போட்ட கேஸ் என்ன தெரியுமா, ரீகோ. மாஃபியா கும்பல் மேல போடுறதுக்குன்னு இருக்கற சட்டம். சிடி வித்ததுக்கு.

இப்ப பெரியப்பா. திண்டுக்கல்ல பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சந்துல ஒரு ரெக்கார்டிங் சென்டர் வச்சிருந்தார். நான் சின்னப் பையன், ஸ்கூல் விட்டு வந்து கடையில உக்காந்துக்குவேன். ஆளுங்க நோட்டுப் பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக்கிட்டு வருவாங்க, கூட ஒரு 60 கேசட்டோ 90 கேசட்டோ. 60-ன்னா ஒரு பக்கம் முப்பது நிமிஷம். அதுக்கு மேல டேப் கிடையாது, கெஞ்சினாலும் கிடையாது. பெரியப்பா பென்சிலை வச்சுக்கிட்டு ஒவ்வொரு பாட்டு பக்கத்துலயும் நிமிஷம் குறிப்பார், கூட்டுவார், அப்புறம் லிஸ்ட் கொண்டுவந்தவரைப் பாத்து "தம்பி, இதுல மூணு பாட்டு ஒரே சாயல், ஒண்ணை எடுத்துடுவோமா"ம்பார். சில பேரு சண்டைக்கு வருவாங்க, காசு குடுக்கறது நான், நீ யாருய்யான்னு. அவர் மசிய மாட்டார். பக்கம் முடியறப்ப பாட்டு பாதியில அறுந்தா அது கடைக்கு அவமானம்னு நினைக்கிற ஆளு. (டிஜே டிராமா கதையை அவருக்குச் சொன்னப்ப ரொம்ப நேரம் சிரிச்சார். "நல்லவேளை, நம்ம சந்துக்கு யாரும் வரல"ன்னார். அவர் பண்ணதுக்கும் லைசென்ஸ் எதுவும் கிடையாதுங்கறதை நான் ஞாபகப்படுத்தல.)

ஆக மிக்ஸ்டேப் டிஜேவுக்கு ரெண்டு வேலை. கத்தறது ஒண்ணு, வெட்டறது ஒண்ணு. எந்தப் பாட்டு உள்ள, எந்தப் பாட்டு வெளிய, எதுக்கு அப்புறம் எது, எங்க மூச்சு விட இடம். இப்ப புதுசா வர்ற ட்ராப் ஆல்பங்களும் 'மிக்ஸ்டேப்'னு பேரு ஒட்டி வர்ற ஆல்பங்களும் அந்தக் கத்தலை மட்டும் திருப்பிக் கொண்டுவந்திருக்கு. கத்திரிக்கோலை யாரோ எங்கயோ தொலைச்சுட்டாங்க.

நான் இந்த இசைக்குள்ள விழுந்ததே வெட்டுனதுனாலதான். 2015, காலேஜ் ஹாஸ்டல், ஒரு சீனியர் பென் டிரைவ்ல குடுத்தது ஃபியூச்சர்ங்கற அட்லாண்டா ராப்பரோட மூணு மிக்ஸ்டேப். 2014 அக்டோபர்ல வந்த 'மான்ஸ்டர்', 2015 ஜனவரியில 'பீஸ்ட் மோட்', மார்ச்ல '56 நைட்ஸ்'. எல்லாமே ஓசியில டவுன்லோட் பண்ண விட்டது. பீஸ்ட் மோட்ல ஒன்பதே பாட்டு. 56 நைட்ஸ்ல பத்து. ரெண்டும் தனித்தனியா அரை மணி நேரம் பக்கம், கேசட்டோட ஒரு பக்கத்துல சரியா உக்காந்துடும். ஆனா ரெண்டும் ரெண்டு உலகம். பீஸ்ட் மோட் முழுக்க ஜேடோவன் ஒரே ஆளோட பீட், அவர் ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிற மனுஷன், அந்தக் கை அப்படியே பியானோவுல இறங்கியிருக்கும், கீழ ஜெபம் மாதிரி ஒரு வாசிப்பு, மேல ஃபியூச்சர் தான் செஞ்ச பாவத்தை எல்லாம் வரிசையா சொல்லிக்கிட்டு இருப்பார், பாவமன்னிப்பு கேக்கறாரா பெருமை அடிக்கிறாரான்னு கடைசி வரைக்கும் பிடிபடாது. 56 நைட்ஸ் நேர் எதிர், பெரும்பாலும் சவுத்சைடோட பீட், இருட்டு, வேகம், பதட்டம். பேருக்கே காரணம் உண்டு. ஃபியூச்சரோட டிஜே எஸ்கோ துபாய்ல மாட்டி 56 நாள் ஜெயில்ல கிடந்தார், ஃபியூச்சர் பாட்டெல்லாம் இருந்த ஹார்டு டிஸ்க்கும் அவர்கூடவே மாட்டிக்கிச்சு. கையில இருந்ததெல்லாம் போச்சு, புதுசா பாடியே ஆகணும்ங்கற நிலைமை. வேணும்னு வெட்டுனது ஒரு பக்கம்னா இது விதி வந்து வெட்டுனது.

அப்புறம் 2016-ல ராப்பர் 21 சேவேஜும் பீட் போடற மெட்ரோ பூமினும் சேந்து போட்ட 'சேவேஜ் மோட்', அதுவும் ஒன்பது பாட்டுதான். மெட்ரோ செயின்ட் லூயிஸ் பையன், ஸ்கூல் படிக்கிற வயசுலயே அவங்க அம்மா எட்டு மணி நேரத்துக்கு மேல கார் ஓட்டி அட்லாண்டாவுக்குக் கூட்டிட்டுப் போவாங்க, பையன் பீட் போட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்து திரும்பக் கூட்டிட்டு வருவாங்க. அந்த ஒன்பது பாட்டுலயும் ஒரு ஓசை கூட அதிகம் இருக்காது. 21 சேவேஜ் குரலை ஏத்தவே மாட்டார், பக்கத்து சீட்டுல உக்காந்து ரகசியம் சொல்ற மாதிரி மிரட்டுவார். கத்தறவனை விட மெதுவா பேசறவனுக்குத்தான் பயப்படணும்னு எங்க வாத்தியார் ஒருத்தர் சொல்லுவார், இதைக் கேக்கறப்ப அது புரிஞ்சுது.

அப்ப எங்க கெட்டுச்சு? கணக்குல கெட்டுச்சு. அமெரிக்காவுல எந்தப் பாட்டு முன்னாடின்னு லிஸ்ட் போடற பில்போர்டு பத்திரிகை, 2014 கடைசியில ஸ்ட்ரீமையும் (ஆப்ல ஒரு தடவை பாட்டு கேக்கறது) ஆல்பம் விற்பனையில சேக்க ஆரம்பிச்சாங்க, 1,500 ஸ்ட்ரீம் ஒரு ஆல்பத்துக்குச் சமம். 2018-ல அதை மாத்தி, காசு கட்டிக் கேக்கறவங்கன்னா 1,250, ஓசியில விளம்பரத்தோட கேக்கறவங்கன்னா 3,750-ன்னாங்க. இதுல முக்கியமான சங்கதி, ஆல்பத்துல இருக்கற எல்லாப் பாட்டோட ஸ்ட்ரீமும் ஒண்ணாக் கூடும். அந்த 1,250 கணக்கை (2025 கடைசி வரைக்கும் அதான் ஓடுச்சு) வச்சு நீங்களே போட்டுப் பாருங்க, பத்து பாட்டு இருக்கற ஆல்பம்னா ஒவ்வொண்ணையும் 125 தடவை கேட்டாத்தான் ஒரு விற்பனை, 30 பாட்டுன்னா 42 தடவை போதும். அவ்வளவுதான். எந்தப் பாட்டையும் எடுத்துடுன்னு சொல்ற ஆளுக்கு அங்க வேலையே இல்ல, எடுத்தா நஷ்டம். மீகோஸ்ங்கற மூணு பேர் ராப் குழு இதுக்கு நல்ல உதாரணம். 2017 ஜனவரியில 'கல்ச்சர்', 13 பாட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள, மூணு பேரும் ஒருத்தர் வார்த்தையை ஒருத்தர் பிடிச்சு விளையாடுறது, ஒரு இடம் கூட தொய்வு இல்ல. சரியா ஒரு வருஷம் கழிச்சு 'கல்ச்சர் 2', 24 பாட்டு, ஒண்ணே முக்கால் மணி நேரம். அதுக்குள்ள ஒரு அருமையான 12 பாட்டு ஆல்பம் ஒளிஞ்சிருக்கு, தோண்டி எடுக்க வேண்டியது நம்ம தலையெழுத்து. அந்த மூணு பேர்ல ஒருத்தரான டேக்ஆஃப் 2022 நவம்பர்ல ஹூஸ்டன்ல சுட்டுக் கொல்லப்பட்டதுக்கு அப்புறம் நான் திரும்பப் போட்டுக் கேட்டது முதல் கல்ச்சரைத்தான். ரெண்டாவது பக்கம் கை போகல.

'மியூசிக்' வந்த வாரம் அதோட 30 பாட்டும் பில்போர்டு ஹாட் 100 லிஸ்ட்ல ஏறிச்சு. முப்பதும். அதுல 'ட்வின் ட்ரிம்'னு ஒண்ணு, லில் ஊஸி வெர்ட்ங்கற இன்னொரு ராப்பர் மட்டும்தான் பாடுறார், கார்ட்டி குரலே இல்ல, அதுவும் ஏறிச்சு. கார்ட்டி ஆல்பத்துல கார்ட்டி இல்லாத பாட்டு. கல்யாண வீட்டுல மாப்பிள்ளை இல்லாத போட்டோவையும் ஆல்பத்துல ஒட்டி பில்லுல சேக்கற ஸ்டுடியோ மாதிரி.

அதுக்காக அந்த ஆல்பம் மோசம்னு நான் சொல்லல, அதான் எரிச்சலே. முதல் பாட்டு 'பாப் அவுட்' ஆரம்பிக்கறப்பவே ஸ்பீக்கர் கிழிஞ்சுடுச்சோன்னு பயம் வரும், அவ்வளவு கொரகொரப்பு. கார்ட்டி இதுல தன்னோட பழைய குழந்தைக் குரலை விட்டுட்டு அடித்தொண்டைக்கு இறங்கிட்டார், கரகரன்னு, சில இடத்துல கண்ணை மூடிக் கேட்டா ஃபியூச்சர்தான் பாடுறார்னு நினைப்பீங்க. இது காப்பின்னு திட்டறவங்க இருக்காங்க, எனக்கு என்னமோ அது ஊர்ப் பாசமாப் படுது. முழு ஆல்பமும் 2000-கள் கடைசி அட்லாண்டாவைத் திரும்பிப் பாக்குது, டிஜே கத்தலும் அதுக்குத்தான். ஆனா நடுவுல வீக்கெண்ட் வந்து பாடுற பாட்டு ரேடியோவுக்குன்னே செஞ்சது, கென்ட்ரிக் மூணு பாட்டுல வர்றார், டிராவிஸ் ஸ்காட் எண்ணிக்கையே விட்டுடுங்க. இவ்வளவு விருந்தாளி வந்தா வீட்டுக்காரன் எங்க உக்காருவான். ஒரு 15-வது பாட்டுக்கு மேல எனக்குக் காது மரத்துடுது. நல்ல பாட்டு வந்தாலும் உறைக்க மாட்டேங்குது, அது அந்தப் பாட்டோட தப்பு இல்ல, அதுக்கு முன்னாடி நின்ன கூட்டத்தோட தப்பு.

இந்த இடத்துல என் பழைய குத்தத்தை ஒத்துக்கணும். 2020 கிறிஸ்துமஸ்க்கு கார்ட்டியோட 'ஹோல் லாட்டா ரெட்' வந்தப்ப ஒரு தடவை கேட்டுட்டு, அதுவும் காலையில சமையல்கட்டுல ஃபோனை வச்சுட்டுக் கேட்டுட்டு, ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல 'மிக்ஸியில தேங்காச் சட்னி அரைக்கிற சத்தத்துக்கு மேல ஒருத்தன் கத்துறான்'னு எழுதுனேன். எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கும் பெருமையா இருந்துச்சு. ஆறு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி நல்ல ஹெட்போன்ல திரும்பக் கேட்டா, அது வேற ஆல்பம். பாடறதையே தாளம் மாதிரி ஆக்கிட்டார், சொல்லுக்கு அர்த்தம் தேடறதை விட்டுட்டு அது எங்க விழுது, எப்படி உடையுதுன்னு கேட்டாப் புரியுது. அதுக்கு அப்புறம் வந்த, ரேஜ்ங்கற ராப் ஸ்டைல் பசங்க பாதிப்பேரு அந்த ஆல்பத்துல இருந்துதான் கிளம்புனாங்க. நான் எழுதுன சட்னி ஜோக்கை இன்னும் ஒருத்தன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கான், மாசத்துக்கு ஒரு தடவை அனுப்பறான்.

அதுக்கு அப்புறம் நான் வச்சுக்கிட்ட ஒரே விரதம், ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு ட்ராப் பத்தி வாயைத் திறக்கக்கூடாது. காரணம் ரொம்ப எளிசு. இந்த இசையோட முதுகெலும்பு 808. ஜப்பான் ரோலண்ட் கம்பெனி 1980-ல விட்ட டிஆர்-808ங்கற தாள மெஷின், சுமார் 12,000 செஞ்சுட்டு 1983-ல நிறுத்திட்டாங்க, நிஜ டிரம்ஸ் மாதிரியே இல்லன்னு அப்ப சீண்ட ஆள் இல்ல, செகண்ட் ஹேண்ட்ல சல்லிசா கிடைச்சதால ஏழைப் பசங்க கைக்கு வந்துச்சு. அதோட கிக் சத்தத்தை இழுத்து நீட்டி, சுருதி சேத்து, அதையே பேஸ் கிட்டார் மாதிரி நடக்க வச்சாங்க ட்ராப் ப்ரொட்யூசருங்க. அந்த ஆழம் ஃபோன் ஸ்பீக்கர்ல வரவே வராது. மேல ஓடுற ஹை-ஹாட் மட்டும்தான் கேக்கும், டிக்கிட டிக்கிடன்னு, அப்ப இது என்னடா தகர டப்பாவுல மழை பேஞ்ச மாதிரி இருக்குன்னுதான் தோணும். மெட்ராஸ்ல பின் சீட்டுக்கு அடியில சப்வூஃபர் வச்ச ஷேர் ஆட்டோல ஏறியிருந்தீங்கன்னா தெரியும், முதுகுத்தண்டுல வந்து இறங்கும், பாட்டு எது வேணா இருக்கட்டும். ட்ராப் அந்த மாதிரி முதுகுல கேக்க வேண்டிய இசை. அட்லாண்டாவுல ஒரு பாட்டு தேறுமா தேறாதான்னு முடிவு பண்ற இடமே மேஜிக் சிட்டிங்கற ஸ்ட்ரிப் கிளப்னு சொல்லுவாங்க, எஸ்கோ அங்க டிஜேவா இருந்தவர்தான், அங்க இருக்கற ஸ்பீக்கர்ல அடிச்சு ஆளுங்க அசையலைன்னா பாட்டு அவ்வளவுதான். அதுவும் ஒரு வகை கத்திரிக்கோல்.

2024-ல ஃபியூச்சர் ஆறு மாசத்துக்குள்ள மூணு ஆல்பம் விட்டார். மெட்ரோகூட சேந்து மார்ச்ல ஒண்ணு, ஏப்ரல்ல ஒண்ணு, செப்டம்பர் 20-ல தனியா 'மிக்ஸ்டேப் ப்ளூட்டோ'. மூணும் நம்பர் ஒன். மார்ச்ல வந்ததுல ஒரு பாட்டுல கென்ட்ரிக் வந்து டிரேக்கை வம்புக்கு இழுத்ததால, ஊரே அதை அந்த ரெண்டு ராப்பருங்க சண்டையோட சேத்துத்தான் ஞாபகம் வச்சிருக்கு, அது பாவம், அந்த ஒரு பாட்டை விட்டுட்டுப் பாத்தாலும் மெட்ரோவோட பீட்டெல்லாம் அதுல சினிமா மாதிரி விரியும். ஏப்ரல்ல வந்ததுல பாட்டு 25. நான் ரெண்டு தடவை ஆரம்பிச்சு ரெண்டு தடவையும் தூங்கிட்டேன், அதனால அதைப் பத்தி விமர்சனம் பண்ற தகுதி எனக்கு இல்ல.

மிக்ஸ்டேப் ப்ளூட்டோதான் என்னை ரொம்ப யோசிக்க வச்சது. அட்டையைப் பாத்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, மிகை இல்ல. அது அட்லாண்டாவுல 'டஞ்சன்'னு சொல்ற வீடு, அதோட அண்டர்கிரவுண்டு ரூம்லதான் 90-கள்ல ஆர்கனைஸ்டு நாய்ஸ்ங்கற ப்ரொட்யூசர் குழு அவுட்காஸ்ட்டையும் குடி மாபையும் உருவாக்குச்சு. அந்தக் குழுவுல ஒருத்தர் ரிக்கோ வேட், ஃபியூச்சருக்குச் சொந்தக்காரர், சின்னப் பையனா இருந்த ஃபியூச்சரை இசைக்குள்ள இழுத்தவர், 2024 ஏப்ரல்ல இறந்துட்டார். அட்டையில அந்த வீடு, தலைப்புல மிக்ஸ்டேப்ங்கற சொல்லு, விருந்தாளி யாரும் இல்லாம 17 பாட்டு. இவ்வளவும் பாத்துட்டு 2015 திரும்ப வருதுன்னு நம்பி உக்காந்தேன். வந்தது பாதி. பேரு மிக்ஸ்டேப், ஆனா மத்த எல்லா ஆல்பமும் வர்ற அதே ஆப்ல அதே கணக்குக்குள்ள வந்த சரக்கு. நடுவுல ஒரு ஆறேழு பாட்டு ஒரே பாட்டோட ஆறேழு போட்டோ மாதிரி இருக்கு. கடைசிப் பக்கமா 'லாஸ்ட் மை டாக்'னு ஒண்ணு, போதைக்குப் பறிகொடுத்த நண்பனை நினைச்சுப் பாடறது, பத்து பதினஞ்சு வருஷமா அதே போதையைப் பத்தி ஜாலியா பாடுன வாய் அங்க தடுமாறுது. அந்தத் தடுமாற்றம் நடிப்பு இல்ல. அந்தப் பாட்டை ஆல்பத்தோட நடு மத்தியில வச்சு, சுத்தி எட்டு பாட்டு வச்சிருந்தா இது பீஸ்ட் மோட் பக்கத்துல நின்னிருக்கும். கடைசியில ஒதுக்கி வச்சுட்டாங்க, பாதிப்பேர் அதுவரைக்கும் போயிருக்கவே மாட்டாங்க.

போதை, துப்பாக்கி, பொண்ணுங்களைப் பேசற விதம், இதெல்லாம் எப்படிய்யா கேக்கறன்னு என்கிட்ட கேக்கறவங்க உண்டு. பொண்ணுங்க விஷயத்துல எனக்குச் சப்பைக்கட்டு எதுவும் கிடையாது, பல வரி கேவலம்தான், தாண்டித்தான் போறேன். ஆனா பாட்டுல வர்ற ஆளும் பாடற ஆளும் ஒண்ணுன்னு முடிவு கட்டறதுல ஜாக்கிரதையா இருக்கணும், ஏன்னா அதை வச்சு ஜெயிலுக்கே அனுப்பப் பாத்தாங்க. 2022 மே மாசம் அட்லாண்டா ராப்பர் யங் தக்கையும், ஒய்எஸ்எல்ங்கற அவரோட ரெக்கார்டு கம்பெனி கூட்டத்தையும் ஜார்ஜியாவுல பிடிச்சப்ப போட்டது மறுபடி அதே ரீகோ, டிராமா மேல போட்ட அதே சட்டம். 2023 நவம்பர்ல ஜட்ஜ் பாட்டு வரிகளையும் சாட்சியமா காட்டலாம்னு நிபந்தனையோட அனுமதிச்சார். அந்த மாநிலத்து வரலாற்றுலயே ரொம்ப நாள் நடந்த விசாரணை அது, 2024 அக்டோபர் 31-லதான் அவர் குத்தத்தை ஒத்துக்கிட்டு, நன்னடத்தைக் கண்காணிப்புங்கற நிபந்தனையில வெளிய வந்தார். உள்ள இருக்கறப்பவே 2023-ல 'பிசினஸ் இஸ் பிசினஸ்'னு ஆல்பம் வந்துச்சு. அதை விமர்சனம் பண்ணவே எனக்கு மனசு வரல, நல்லா இருக்கு நல்லா இல்லன்னு சொல்றதுக்கு அது ஆல்பமாவே தெரியல, வீட்டுல இருந்து ஆள் உள்ள போனப்புறம் அவர் சட்டையை மாட்டி வச்ச மாதிரி இருந்துச்சு.

2025 ஆகஸ்ட்ல மெட்ரோ பூமின் 'எ ஃப்யூச்சரிஸ்டிக் சம்மா'ன்னு ஒண்ணு விட்டார், டிஜே ஸ்பின்ஸ் நடத்தற மிக்ஸ்டேப். இதுவும் 2010 பக்கத்து அட்லாண்டாவுக்குப் போற வண்டிதான், டிராவிஸ் போர்ட்டர், ரோஸ்கோ டாஷ் மாதிரி நாங்க மறந்தே போன ஆளுங்களை எல்லாம் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கார், ஸ்கூல் பார்ட்டியில ஆடற குஷி. ட்ராப்ல சந்தோஷம்னு ஒண்ணு இருந்துச்சுங்கறதையே எல்லாரும் மறந்துட்டோம், அதை ஞாபகப்படுத்துனதுக்கே ஒரு நன்றி. ஆனா அதுலயும் இருபதுக்கு மேல பாட்டு. 12-வது பாட்டுல ஆடிக் களைச்சு உக்காந்துடறோம், இன்னும் பாதி பாக்கி இருக்கு.

என் ஃப்ரெண்டு ஒருத்தன் (சட்னி ஸ்க்ரீன்ஷாட்காரன்தான்) இதுக்கு ஒரு நல்ல எதிர்க்கேள்வி கேட்டான். பழைய மிக்ஸ்டேப்காரனுங்க மட்டும் என்ன சிக்கனமா, குச்சி மேன் 2009 அக்டோபர்ல ஒரே நாள்ல மூணு மிக்ஸ்டேப் விட்டாரே, 2013-ல மறுபடி ஒரே நாள்ல மூணு விட்டாரே, அப்ப எங்க போச்சு உன் பெரியப்பாவோட பென்சில்னு. நியாயம்தான். அதுல பாதி குப்பைங்கறதும் எனக்குத் தெரியும். ஆனா அவர் மூணையும் ஒண்ணாக் கொட்டல, மூணா பிரிச்சார், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு, ஒரு டிஜே. பிடிச்சதை எடுத்துக்கிட்டு மிச்சத்தை விட்டுடலாம், காசும் கிடையாது. இன்னைக்கு நான் பாதி கேட்டுத் தாண்டிப் போற பாட்டுக்குக் கூட முப்பது செகண்டு ஓடிடுச்சுன்னா மீட்டர் ஏறுது. அவன் ஒத்துக்கல. "உனக்கு வயசாயிடுச்சு"ன்னு மட்டும் சொன்னான்.

போன மாசம் ஊருக்குப் போனப்ப பெரியப்பாகிட்ட லேப்டாப்பைத் திறந்து வச்சு, 'மியூசிக்'கை ஒரு 60 கேசட்டா மாத்தணும், உதவி பண்ணுங்கன்னேன். ட்வின் ட்ரிம்மை முதல்ல தூக்குனேன், வீக்கெண்ட் பாட்டை மனசே இல்லாம தூக்குனேன், அப்புறம் ஒரு நாலு. ஏ பக்கம் 29 நிமிஷத்துல உக்காந்துடுச்சு. பி பக்கம் முப்பத்தொண்ணு, கடைசிப் பாட்டு 'சவுத் அட்லாண்டா பேபி' பாதியில அறுந்துடும். அதை விடவும் முடியல. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நான் பேப்பர்ல எழுதி வச்ச நிமிஷக் கணக்கைப் பாத்தார், ஒரு ரெண்டு பாட்டு கேட்டார், மூஞ்சி சுளிக்காம கேட்டார், அப்புறம் கேட்டார், "நடுவுல நடுவுல கத்துறானே ஒருத்தன், அவனை எடுத்துட்டா ஒரு நிமிஷம் மிச்சம் ஆகாதா?"

"இல்ல பெரியப்பா, அவர் பாட்டு மேலயேதான் கத்துறார். எடுத்தாலும் நேரம் மிச்சமாகாது."

"அப்ப இருந்துட்டுப் போறான்"னு சொல்லிட்டு பென்சிலைத் தேட ஆரம்பிச்சார்.